ஈஸ்டருக்கு வாங்கி வைத்தது

அண்ணனைக் கொல்லங்கோட்டில் விட்டுவிட்டு வந்த அன்று நான் அவனிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அந்த வருட ஈஸ்டருக்கான குப்பியை அப்பா அதற்குள் வாங்கி வைத்துவிட்டார்.

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் குடியைத் தொட மாட்டார்கள். தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசியதும் நிறுத்தினால் ஈஸ்டர் வரைக்கும் நிறுத்தியதுதான். அந்த நாட்களில் அப்பா பிவரேஜஸ் மதுக்கடை இருக்கும் பக்கமே போகமாட்டார். அதனால் முன்னதாகவே ஒரு குப்பி வாங்கி டிரங்குப் பெட்டியில் கல்யாண வேட்டிக்கு அடியில் வைத்துவிடுவார். நாற்பது நாளும் அது திறக்கப்படாமல் கிடக்கும். ஈஸ்டர் மதியம், பூசை முடிந்து, கறி அடுப்பில் வேகும்போது, வாசல் பெஞ்சில் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு தம்ளரில் ஊற்றுவார். "இருந்துட்டேல்லா? அதாம்ல ஆம்பள," என்று தோளில் கை போடுவார். அண்ணனுக்குப் பதினாறு வயதில் தொடங்கிய பழக்கம் இது. வருடத்தில் மற்ற நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நான் அதிகம் பார்த்ததில்லை.

நாற்பது நாள் இருக்கத் தெரிந்தவன் குடிகாரன் இல்லை என்று வீட்டில் எல்லாரும் நம்பினோம். ஜீப் ஓட்டும் வேலை போனபோதும் நம்பினோம். ஒரு மழை நாளில் யாரிடமோ இரவல் வாங்கிய ஜீப்போடு தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி, முகத்தில் கண்ணாடித் துண்டுகளோடு அவன் வீட்டுக்கு நடந்து வந்த பிறகுதான் கொல்லங்கோட்டுக் குடிமீட்பு மையத்துக்குச் சம்மதித்தான்.

கிளம்பும் காலையில் அப்பா பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன். வழக்கமான குப்பி இல்லை, பெரியது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் இருக்கப் போறாம்லா. தவசு பெருசுன்னா ஈஸ்டரும் பெருசாத்தான இருக்கணும்," என்று வெட்கத்தோடு சிரித்தார்.

மையத்தின் வாசலில் அண்ணன் கேட்டான்: "அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

"சளி பிடிச்சிருக்கு அவருக்கு. அதான் வரல," என்றேன்.

முதல் மூன்று மாதம் அங்கே போன் கிடையாது. கடிதம் போடலாம் என்றார்கள். போட்டுக்கொண்டோம்.

*

சித்திரபுரம்
19 ஜனவரி 2025

அன்புள்ள பினு அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். உனக்குத் தூக்கம் வருகிறதா, கை நடுக்கம் குறைந்ததா, அங்கே சோறு எந்த அரிசி என்று அம்மா வரிசையாகக் கேட்கிறாள். மூன்றுக்கும் பதில் எழுது. இல்லாவிட்டால் நான் வீட்டில் இருக்க முடியாது.

திரும்பி வரும்போது பொள்ளாச்சியில் பஸ் மாறி, உடுமலையில் மூணாறு பஸ் பிடித்தேன். மறையூர் தாண்டியதும் குளிர் ஜன்னல் வழியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நீ இருந்தால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குளிரவே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருவாய்.

நேற்று வாயனசாலையில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிப் பூட்டிவிட்டு, பவர்ஹவுஸுக்குத் தண்ணீர்க் குழாய் இறங்கும் வழியாக நடந்தேன். நாம் சின்ன வயதில் அந்தக் குழாயில் காதை வைத்துக் கேட்போமே, ஞாபகம் இருக்கிறதா? "உள்ள ஒரு ஆறே ஓடுது, வெளிய ஒருத்தனுக்கும் தெரியல," என்று நீ சொல்வாய். யாரும் பார்க்கவில்லை என்பதால் நேற்றும் காதை வைத்தேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. அப்பா சுகம்.

உன்னை நினைத்துக்கொண்டு,
நிமி

*

கொல்லங்கோடு
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை நிமிக்கு,

மரியே வாழ்க. அம்மாவிடம் சொல்: தூங்குகிறேன். நடுக்கம் குறைந்துவிட்டது, என் எழுத்தைப் பார்த்தாலே தெரியும். சோறு, தடித்த மட்டை அரிசி. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

முதல் வாரம் எதுவும் நினைவில்லை. மாத்திரை, வியர்வை, திட்டியது. யாரைத் திட்டினேன் என்று கேட்டால், "பாரபட்சம் இல்லீங்க, எல்லாத்தையுந்தான்," என்கிறார் பக்கத்துக் கட்டில் குப்பண்ணன். அவர் இந்தப் பக்கத்து விவசாயி. வயல், தென்னந்தோப்பு எல்லாம் உண்டு. தோப்பில் கள் இறக்குகிறார்கள். "ஏனுங்க தம்பி, எம்பட மரம், எம்பட கள்ளு. அதுல ஒரு சொட்டு எனக்கு ஆகாதுன்னு டாக்டரு சொல்றாரு. இதென்னுங்க நாயம்?" என்று தினமும் ஒரு தடவை கேட்கிறார். என்னிடம் நியாயம் கேட்க வந்த முதல் ஆள் அவர்தான்.

கூட்டமாக உட்கார்ந்து பேசும் நேரத்தில் நான்தான் கெட்டிக்காரன். எல்லாரும் அழுகிற மாதிரி பேசுவேன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கவுன்சிலர் ஷீனா மேடத்தோடு தனியாக உட்கார வேண்டும். சின்ன அறை. இரண்டு நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே வயல், அதற்கு அப்பால் நெல்லியாம்பதி மலை, அதில் வெள்ளைக் கோடாக ஓர் அருவி. அந்த அருவியைப் பார்த்துக்கொண்டே முதல் இரண்டு தடவையும் நேரத்தை ஓட்டிவிட்டேன். மூன்றாம் தடவை போனபோது நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்.

பாவசங்கீர்த்தனம் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்தேன். அங்கே சாமியாரிடம் சொல்லிவிட்டு மூன்று அருள் நிறைந்த மரியே சொன்னால் முடிந்தது. இங்கே சொன்ன பிறகுதான் தொடங்குகிறது. "சரி. பக்ஷே நான் கேட்டது அது இல்லையே, பினு," என்று மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொல்வார். அதைக் கேட்டாலே எனக்கு வியர்க்கிறது.

அப்பாவுக்குச் சளி போய்விட்டதா?

அம்மாவுக்கு ஒரு முத்தம்.
பினு

*

சித்திரபுரம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். மட்டை அரிசி என்றதும் கண்ணைத் துடைத்தாள். நீ திட்டியதைப் பற்றிய இடத்தில் சிரித்தாள். நல்லவேளை, அந்த வரிசையில்.

நீ நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கென்றால் அந்த அறையில் வாய் திறக்காது. படித்த எல்லாவற்றையும் பற்றிப் பேசுவேன், என்னைப் பற்றி ஒரு வரி வராது. அதனால் நீ ஓட்டிவிட்ட நேரத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

இங்கே காலையில் வெள்ளைப் பனி. லயத்துக் கூரைத் தகரம் வெயில் பட்டதும் சொட்டுகிறது. சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்க, போன வருடக் குருத்தோலைச் சிலுவைகளை இறக்கினோம். அடுப்படிச் சுவரில் நீ செய்த கோணல் சிலுவை ஒன்று, பல வருடப் புகையில் கறுத்துக் கிடக்கிறது. அதை மட்டும் எரிக்கக் கொடுக்காமல் அம்மா திரும்ப மாட்டிவிட்டாள். "ஈஸ்டருக்கு வந்துருவாம்லா?" என்று உன் சிலுவையைப் பார்த்தே கேட்டாள்.

எல்லாரும் சுகம்.

அன்புடன்,
நிமி

*

கொல்லங்கோடு
9 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

மரியே வாழ்க. நன்றாக இருக்கிறேன். நீ அப்பாவின் சளியைப் பற்றி எழுதவில்லை. சரி, போயிருக்கும்.

இந்தத் தடவை ஒரு பெரிய விஷயம் எழுத வேண்டும். ஷீனா மேடம் ஒரு கேள்வி கேட்டார். "நீங்க குடிச்சதுல எந்தக் குடி இல்லாம இருக்கறது ரொம்பக் கஷ்டம்?" எல்லாமே கஷ்டம் என்றேன். அது இல்லை என்றார். முதல் சம்பளத்தில் குடித்தது என்றேன். டிரைவர்களோடு அடிமாலியில் குடித்தது என்றேன். ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்த வாரமும் அதே கேள்வி.

சாம்பல் புதனன்று பக்கத்துக் கோயிலுக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். நெற்றியில் சாம்பல் விழுந்ததும் வாயில் ஈஸ்டர் ருசி வந்தது, நிமி. நாற்பது நாள் கழித்து வர வேண்டிய ருசி அன்றைக்கே வந்துவிட்டது. கூடவே கறி வேகும் வாசனை, பெஞ்சின் ஈரம், தோளில் அப்பா கை. அறையில் போய் உட்கார்ந்ததும் அதைச் சொன்னேன். நான் அழுவேன் என்று நினைக்கவே இல்லை.

அவர் எழுந்து வரவில்லை, சமாதானம் சொல்லவில்லை. நாம் குழாயில் காதை வைப்போமே, அப்படி உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பினுவுக்கு வேண்டியது அந்த கிளாசா, அப்பாவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

ஈஸ்டரோடு என் மூன்று மாதம் முடிகிறது, வீட்டுக்குப் போகலாம். மேடம் சம்மதிக்க வேண்டும், வீட்டிலும் சம்மதிக்க வேண்டும். நான் வரட்டுமா? வீட்டில் கேட்டு எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பினு

பி.கு. குப்பண்ணன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மலைக்குக் கூட்டிப்போனால் உடனே கிளம்புவாராம். தேங்காய் அவர் செலவாம்.

*

சித்திரபுரம்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீ நலமாக இருப்பதில் எல்லாருக்கும் சந்தோஷம்.

ஈஸ்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்த வாரம் பஸ்ஸில் ஏறவே முடியாது, சுற்றுலாக்காரர்கள் கூட்டம். மலைப்பாதையில் ரோடு வேலையும் நடக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி மறுபடியும் வந்திருக்கிறது, அதனால் இந்த வருட ஈஸ்டர் சிறிதாகத்தான் இருக்கும். நீ மே மாதம் வந்தால் எல்லாருக்கும் வசதி. வாயனசாலைக்கும் அப்போது விடுமுறை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

நிமி

*

சித்திரபுரம்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது இப்போதெல்லாம் சைக்கிள் மணியைக்கூட அடிப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கச் சங்கடம் போலிருக்கிறது.

போன கடிதத்தை அவசரத்தில் எழுதினேன். கோபமா? உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இரண்டு வரி போதும். அம்மாவுக்காக எழுது.

நிமி

*

கொல்லங்கோடு
8 ஏப்ரல் 2025

நிமிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் மார்ச் கடிதம் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சுற்றுலாக்காரர்கள், ரோடு வேலை, முட்டி வலி. வராதே என்பதற்கு இத்தனை சுற்று எதற்கு? லயத்தில் எல்லாரும் ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். நீ வாயனசாலைக்குத் தலை நிமிர்ந்து போக வேண்டும். நியாயம்தான். பத்து நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு முந்தாநாள் பையைக் கட்டினேன். வீட்டுக்கு இல்லை. வாளையார் செக்போஸ்ட் வரை போனால் லாரிக்காரர்களில் ஒருவன் வேலை தருவான், கூடவே ஒரு குப்பியும் தருவான் என்று கட்டினேன்.

வாசலுக்கு வந்தால் செருப்பு இல்லை. குப்பண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "போறதுன்னாப் போங்க தம்பி, ஆரு வேண்டாங்கறா? செருப்பு மட்டும் இங்கிருக்கட்டும். வெயில்ல காலு பொசுங்குச்சுன்னா திரும்பி வருவீங்கல்லோ, அதுக்குத்தான்." எனக்கு வந்த ஆத்திரத்தில் வெறுங்காலோடு கிளம்பி, கேட் வரை போய், ஷீனா மேடத்தின் எதிரில் நின்றேன்.

போகவேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. "போறதுக்கு முன்ன அந்தக் கடிதத்தை எனக்கு ஒண்ணு வாயிச்சுத் தருமோ?" என்று கேட்டார். அறைக்குப் போய் வாசித்தேன். வெட்கப்படுகிறேன் என்று எந்த வரியில் இருக்கிறது என்றார். இல்லை. நானாகச் சேர்த்தது. பிறகு உன் பழைய கடிதங்களையும் வாசிக்கச் சொன்னார். பவர்ஹவுஸ் குழாய், அம்மாவின் கண்ணீர், கூரைத் தகரம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் இருக்கு பினு. ஒரு ஆள் மட்டும் இல்லை."

முதல் கடிதத்தில் "அப்பா சுகம்." அடுத்ததில் "எல்லாரும் சுகம்." மார்ச் கடிதத்தில் அதுவும் இல்லை. சளியைப் பற்றி நான் இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை.

பையை அவிழ்த்துவிட்டேன். ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவுக்கு என்ன நிமி? உயிரோடு இருக்கிறாரா? நேராகச் சொல்.

பினு

*

சித்திரபுரம்
12 ஏப்ரல் 2025

என் அண்ணனுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். இதை முதல் வரியாக எழுதுகிறேன். சளிகூட இல்லை, அப்போதும் இல்லை. இன்று காலை பாக்டரி ஷிப்ட் முடிந்து வந்து பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வெளியே நிற்கிறார்.

உன்னை அங்கே விட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். ஈஸ்டர் குப்பியை அவர் ஜனவரியிலேயே வாங்கிவிட்டார். வழக்கத்தைவிடப் பெரியது. மூன்று மாதத்தை அவர் பெரிய தவசு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். பெரிய தவசுக்குப் பெரிய ஈஸ்டர். உன்மேல் அவருக்கு இருக்கிற ஆசை அத்தனையும் அந்தக் குப்பியில் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது? எழுதினால் நீ அதை நினைத்துக்கொண்டே இருப்பாய் என்று பயந்தேன். எழுதாமல் விட்டால், நீ வந்து பெஞ்சில் உட்காருவாய் என்று பயந்தேன். அதற்குத்தான் ரோடு வேலை.

உன் கடிதம் மதியம் வந்தது. உயிரோடு இருக்கிறாரா என்ற இடத்தில் எனக்குத் தாங்கவில்லை. உன் மார்ச் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஒரு கிளாஸ்ல என்ன வந்துரப் போகுது?" என்றார் முதலில். "நாப்பது நாள் இருக்கத் தெரிஞ்ச பய. எம்மவன் என்ன குடிகாரனா?"

"பின்ன கொல்லங்கோட்டுல என்ன பெருநாளா கொண்டாடுதான்?" என்றாள் அம்மா. கையில் இருந்த குருத்தோலையைக் கீழே வைத்துவிட்டாள். "பதினாறு வயசுல ஊத்திக் குடுத்தது யாரு? மாதாவா வந்து ஊத்துனா?"

நம் வீட்டில் இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கீழே கிடந்த குருத்தோலையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அந்தம்மா என்னமோ கேட்டாள்னு எழுதிருந்தாம்லா? அத இன்னொருக்கா வாசி," என்றார். கிளாசா, அப்பாவா என்ற இடத்தை வாசித்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர்தான், இன்னும் நிற்கிறார்.

குப்பி பெட்டியில்தான் இருக்கிறது. அவர் அதைத் தூக்கிப்போட்டுவிட்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் இனிமேல் உனக்கு நடந்ததைத்தான் எழுதுவேன்.

வருவதும் வராததும் நீயும் ஷீனா மேடமும் பேசி முடிவு செய்யுங்கள். நீ எங்கே நடந்து வந்தாலும் நான் உன் பக்கத்தில் நடப்பேன். லயத்தின் ஜன்னல்கள் எனக்குப் பொருட்டே இல்லை.

நிமி

*

கொல்லங்கோடு
16 ஏப்ரல் 2025

என் தங்கைக்கு,

மரியே வாழ்க. முதல் வரியை வாசித்ததும் குப்பண்ணனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "எலும்பு, தம்பி, எலும்பு!" என்று கத்தினார். செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குப்பியை நினைத்துக்கொண்டே இருப்பேன் என்று பயந்தாய். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஷீனா மேடத்திடம் சொல்லிவிட்டு நினைக்கிறேன்.

நேற்று அவர் ஒன்று செய்தார். அவர் அப்பாவாம், நான் நானாம். இரண்டு நாற்காலியையும் பெஞ்சு மாதிரி சேர்த்துப் போட்டோம். எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். "பினு மோனே, குடிச்சோ," என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் அப்பா மலையாளம் பேசி நீ கேட்டிருக்கிறாயா? அவரும் சிரித்தார். பிறகு அப்பா எப்படிச் சொல்வார் என்று கேட்டு அப்படியே சொன்னார். "இருந்துட்டேல்லா?"

என் கை நீண்டு வாங்கிவிட்டது, நிமி. வெறும் தண்ணீர், தெரியும். வேண்டாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் அசைவதற்குள் கை வாங்கிவிட்டது. மறுபடி நீட்டினார். மறுபடியும் வாங்கினேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அதனால் இந்த ஈஸ்டருக்கு வரவில்லை. குடியை என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியும் போலிருக்கிறது. அப்பா கையை வேண்டாம் என்று சொல்ல இன்னும் தெரியவில்லை. இன்னும் மூன்று மாதம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடம் கட்டாயப்படுத்தவில்லை. நானாகக் கேட்டேன்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வாசித்தே காட்டிவிடு.

ஈஸ்டர் வாழ்த்துகள். என் கறியை நீ சாப்பிடு.
பினு

*

சித்திரபுரம்
20 ஏப்ரல் 2025
ஈஸ்டர் சாயங்காலம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் உயிர்த்தார். உன் கறியை நான் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். அம்மா அடுப்படியில் நின்று யாரையோ திட்டிக்கொண்டே போட்ட உப்பு.

உன் கடிதம் நேற்றே வந்துவிட்டது, வாசித்துக் காட்டினேன். தம்ளரை வாங்கிவிட்ட இடத்தில் அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

இன்று பூசை முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்தார். பெஞ்சில் இரண்டு தம்ளரை வைத்தார். பழக்கம். ஒன்றில் ஊற்றினார். மற்றதில் ஊற்றப் போய், நிறுத்தி, மூடியைத் திருகினார். தன்னுடையதைக் குடித்தார். ஆம், குடித்தார். நடந்ததை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு, "ஏளா நிமி, இங்க வந்து உக்காரு," என்றார்.

நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பெஞ்சிலிருந்து என்ன தெரியும் என்றே எனக்குத் தெரியாது. கோயில் மணிக்கூண்டின் பின்பக்கமும், காய்கிற துணிகளும், அவற்றுக்கு மேலே கொஞ்சம் மலையும் தெரிகிறது. காலித் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மா அவன்கிட்ட கேட்டா பாத்தியா, கிளாசா அப்பனான்னு?"

"ம்."

"எனக்கு வேண்டியது கிளாசா, மவனா? எனக்கும் தெரியலன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

நிமி

*

கொல்லங்கோடு
25 மே 2025

அன்புத் தங்கைக்கு,

மரியே வாழ்க. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் தருகிறார்கள். இருந்தாலும் இதை எழுதத்தான் தோன்றியது.

நேற்று அப்பா வந்தார். உன்னிடமும் அம்மாவிடமும் பாக்டரியில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. பொள்ளாச்சியில் தப்பான பஸ் ஏறி, பாதி வழி போய் இறங்கித் திரும்பி வந்திருக்கிறார். கையில் ஒரு பொட்டலம் தேயிலை.

ஷீனா மேடம் அவரிடம் தனியாகப் பேசலாமா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். ஊசி போடக் கூட்டிப்போகிற பிள்ளை மாதிரி. நான் தலையை ஆட்டினேன். உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். குப்பண்ணனும் நானும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். "உங்கய்யன் பேசுவாருங்களா?" என்று கேட்டார். பேசமாட்டார் என்றேன். "நம்மூட்டுலயும் அப்படித்தானுங்க. நெல்லு வெல தவுர வேறெதும் பேசாத மனுசன். செத்ததுக்கப்பறந்தான் எனக்கு அவருகிட்டக் கேக்கறதுக்கு அத்தன இருந்துச்சு," என்றார். சிரிக்காமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

ரொம்ப நேரம் ஆனது. வெளியே வந்தபோது அப்பாவின் கண் சிவந்திருந்தது. உள்ளே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மேடமும் சொல்லமாட்டார், அது அந்த அறையின் வழக்கம். அப்பா என்னைப் பார்த்து, "இங்க நல்ல சாயா எங்கல கெடைக்கும்?" என்றார். கேட்டுக்கு எதிரே ஒரு கடையில் குடித்தோம். தூள் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய், கையிலிருந்த பொட்டலத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். எனக்குக் கொண்டுவந்தது!

பஸ் ஏறும்போது, "வீட்டுல சொல்லாத," என்றார். "சொல்வேன் அப்பா," என்றேன். இங்கே வந்த பிறகு நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அன்புடன்,
பினு

*

அண்ணன் ஜூலைக் கடைசியில் வீட்டுக்கு வந்தான். ஓணத்து நாட்களில் பழைய டிரைவர்களோடு அடிமாலியில் குடித்தான். இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அங்கிருந்து தானாகவே பஸ் ஏறி, கொல்லங்கோட்டுக்குப் போய், ஷீனா மேடத்தின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தான். அதிலிருந்து மாதம் ஒரு தடவை போய்வருகிறான். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் வண்டி ஓட்டுகிறான்.

இந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் ஐந்தாம் தேதி வந்தது. அப்பா எதுவும் வாங்கி வைக்கவில்லை. பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கறி வேகும் வரை உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கூப்பிட்டதும் எழுந்து சாப்பிட வந்தார்கள்.